லைலா எந்தப் பயணத்தில் வருகிறாள்?

வாசகர் கேள்வி – பதில்
(சிந்துபாத் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.)

கேள்வி: ‘தினத்தந்தி’ கன்னித்தீவில் வரும் சிந்துபாத்தும், ஆயிரத்தொரு இரவுகளில் வரும் சிந்துபாத்தும் ஒரே ஆள்தானா? லைலா எந்தப் பயணத்தில் வருகிறாள்?
– வாசகர், விருதுநகர்

பதில்: எந்தப் பயணத்திலும் வரவில்லை. ஏழு பயணங்களையும் புரட்டிப் பார்த்தாலும் லைலா இல்லை, மந்திரவாதி மூசா இல்லை, கன்னித்தீவும் இல்லை. அரபுக் கதையிலிருந்து நம் சித்திரத் தொடருக்கு வந்தது நாயகனின் பெயரும் கடலும்தான்.

மீதியெல்லாம் எங்கிருந்து வந்தது? 1958-ல் ‘தி செவன்த் வாயேஜ் ஆஃப் சின்பாத்’ என்ற ஹாலிவுட் படம் வந்தது. அதில் சொகூரா என்ற மந்திரவாதி, இளவரசி பாரிசாவைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கிவிடுகிறான். பழைய உருவம் திரும்ப வேண்டுமானால் மருந்துக்கு ரூக் என்ற ராட்சதப் பறவையின் முட்டை ஓடு வேண்டும். அது கிடைக்கும் தீவுக்குக் கப்பல் கிளம்புகிறது. கன்னித்தீவு தொடங்கியது 1960-ல். இங்கே மூசா லைலாவைச் சுருக்குகிறான், சிந்துபாத் அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர அலைகிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் சிந்துபாத் பாக்தாத்திலிருந்து நேராக வரவில்லை, ஹாலிவுட்டில் இறங்கி வண்டி மாறி வந்தவன் என்பது தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அரபுக் கதையில் ஒவ்வொரு பயணமும் ஒரே மாதிரி முடியும். கப்பல் உடையும், எல்லாம் போகும், எப்படியோ தப்பிப்பான், போனதற்கு மேல் சம்பாதித்துக்கொண்டு பாக்தாத் திரும்புவான். இனி கடல் பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்வான். கொஞ்ச நாளில் கால் அரிக்கும். தினசரித் தொடருக்கு இந்த அமைப்பு ஆகாது. நாயகன் வீடு திரும்பிவிட்டால் நாளைக்கு வாசகர் ஏன் அந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும்? அதனால் வீடு திரும்புவதை எடுத்துவிட்டு, முடியாத தேடல் ஒன்றை வைத்தார்கள். சினிமாவில் ஒன்றரை மணி நேரத்தில் பழைய உருவத்துக்கு வந்துவிட்ட இளவரசி, இங்கே தலைமுறைகள் கடந்தும் காத்திருந்தாள். ‘கன்னித்தீவு மாதிரி இழுக்கிறது’ என்று கோர்ட் வழக்கையும் பாலம் கட்டும் வேலையையும் நாம் சொல்வது அதனால்தான்.

கேள்வி: அசல் கதையில் சிந்துபாத் எத்தனை பேருடன் வாள் சண்டை போடுகிறான்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒருவருடனும் இல்லை. அவன் வீரனும் இல்லை, கப்பல் தலைவனும் இல்லை. சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் வியாபாரி, அதாவது பயணி. ஐந்தாம் பயணத்தில் கப்பலையே விலைக்கு வாங்குகிறான். அப்போதும் அதை ஓட்ட ஒரு மாலுமித் தலைவனைச் சம்பளத்துக்குத்தான் அமர்த்துகிறான்.

முதல் பயணத்தில் ஒரு காட்சி. தீவு என்று நினைத்து இறங்கியது ஒரு ராட்சத மீனின் முதுகு. அடுப்பு மூட்டியதும் அது முழுகிவிடுகிறது. மரத்தொட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிந்துபாத் கரை சேர்கிறான். பிற்பாடு அதே கப்பல் அவன் இருக்கும் துறைமுகத்துக்கு வருகிறது. ‘செத்துப்போன ஒரு வியாபாரியின் மூட்டைகள் இருக்கின்றன, விற்றுப் பணத்தை பாக்தாத்தில் அவன் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும்’ என்கிறான் கப்பல் தலைவன். ‘அந்தச் செத்தவன் நான்தான்’ என்று நிரூபிக்க, சிந்துபாத் மூட்டைகளில் உள்ள சரக்கையும் பயணத்தில் நடந்ததையும் ஒவ்வொன்றாக ஒப்பிக்கிறான். வியாபாரிகள் சொல்லி வியாபாரிகள் கேட்ட கதை என்பது இங்கே பளிச்சென்று தெரியும்.

ஆபத்தில் அவனுக்குக் கைகொடுப்பவை தலைப்பாகையும் பலகையும்தான். ரூக் பறவையின் காலில் தன்னைக் கட்டிக்கொள்வது முறுக்கிய தலைப்பாகையால். மூன்றாம் பயணத்தில் மனிதரை விழுங்கும் பாம்பு வரும்போது அகலமான மரத்துண்டுகளைப் பொறுக்கி, உள்ளங்காலுக்குக் குறுக்கே ஒன்று, தலைக்கு மேல் ஒன்று, இரண்டு விலாவிலும் மார்பிலும் ஒவ்வொன்று என்று உடம்போடு கட்டிக்கொண்டு படுத்துவிடுகிறான். பாம்பு இரவு முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தும் விழுங்க முடியாமல் போய்விடுகிறது.

கொலை செய்ததே இல்லையா என்றால், உண்டு. நான்காம் பயணத்தில் அவன் போய்ச் சேரும் நாட்டில், துணை இறந்தால் உயிரோடு இருப்பவரையும் சேர்த்துப் புதைப்பது வழக்கம். மனைவி இறந்ததும் அவனையும் ஒரு கூஜா தண்ணீர், ஏழு ரொட்டியுடன் பிணக்குழிக்குள் இறக்கிவிடுகிறார்கள். ரொட்டி தீர்கிறது. அடுத்து யாரையாவது உயிரோடு இறக்கும்போது, கிடக்கிற கால் எலும்பை எடுத்து அவர் தலையில் அடித்துக் கொன்று, அவருடைய ரொட்டியைத் தின்று நாளை ஓட்டுகிறான். ஒரு முறை அல்ல, பல முறை. கடைசியில் வெளியேறும் வழி தெரிந்த பிறகும், திரும்பி வந்து பிணங்களின் மேலிருந்த நகைகளை மூட்டை கட்டிக்கொண்டுதான் போகிறான். குழந்தைகள் பதிப்புகள் இந்த இடத்தில் சட்டென்று பக்கம் திருப்பிவிடும்.

கேள்வி: அப்படியானால் வாள் எப்போது கைக்கு வந்தது?
– அதே வாசகர்

பதில்: சினிமா வந்த பிறகு. 1947-ல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர் நடித்த படத்தில் அவன் தாவிக் குதித்துச் சண்டையிடும் சாகசக்காரன். கதை ‘எட்டாவது பயணம்’ என்று தானே ஒரு எண்ணைச் சேர்த்துக்கொண்டது. 1958 படம் வாளை நிரந்தரமாக்கியது. காரணம் எளிது. அந்தப் படத்தில் டிக்கெட் வாங்கியவர் பார்க்க வந்தது பூதங்களை. மூலக் கதையில், இரும்புக் கம்பிகளைப் பழுக்கக் காய்ச்சித் தூங்குகிற அரக்கனின் கண்ணைக் குத்திவிட்டு, கட்டி வைத்த தெப்பத்துக்கு ஓடுகிறார்கள். அது இரண்டு நிமிடக் காட்சி. பூதம் எழுந்து நின்று மோத வேண்டுமானால் எதிரே நிற்க ஒருவன் வேண்டும், அவன் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

கேள்வி: 1958 படத்தின் பெயரில் ஏழாவது பயணம் என்று இருக்கிறது. புத்தகத்தில் ஏழாவது பயணத்தைப் படித்தால் யானை வருகிறது. என் நண்பரின் புத்தகத்தில் பறவை மனிதர்கள் வருகிறார்கள். எது சரி?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் சரி. படம் மட்டும்தான் தவறு.

சிந்துபாத் கதை முதலில் தனிப் பிரதியாகப் புழங்கியது. பிரெஞ்சுக்காரரான அந்துவான் கல்லான் அதைத் தனியாகத்தான் மொழிபெயர்த்தார். அது ஒரு பெரிய தொகுப்பின் பகுதி என்று கேள்விப்பட்டு, அந்தத் தொகுப்பைத் தேடப் போனார். அப்படிக் கிடைத்த பழைய சிரியக் கைப்பிரதியில் சிந்துபாத் இல்லை. ஆனாலும் 1704-ல் வெளிவரத் தொடங்கிய தன் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ மொழிபெயர்ப்பில் அதைச் சேர்த்துவிட்டார். வெகுஜனப் பண்பாடு சிந்துபாத்தை மாற்றியது என்று சினிமாவைத் திட்டுகிறவர்கள், முதல் மாற்றம் பாரிஸ் அச்சகத்தில் நடந்தது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏழாவது பயணத்துக்கு இரண்டு வடிவங்கள். கல்லானிலும், அரபு மொழியில் அச்சான முதல் கல்கத்தாப் பதிப்பிலும் (1814–18) உள்ளது யானைக் கதை. கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் பரிசுகளுடன் சிந்துபாத்தை செரந்தீப் மன்னரிடம் தூது அனுப்புகிறார். திரும்பும் வழியில் கொள்ளையர் பிடித்து விற்றுவிடுகிறார்கள். வாங்கியவன் அவனை மரத்தில் ஏற்றி யானைகளை அம்பெய்து கொல்லச் சொல்கிறான். யானைகளே ஒருநாள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் இடுகாட்டைக் காட்டுகின்றன. தந்தம் வேண்டுமானால் இங்கே எடுத்துக்கொள், எங்களைக் கொல்லாதே என்பது போல. கெய்ரோ புலாக் பதிப்பிலும் (1835) இரண்டாம் கல்கத்தாப் பதிப்பிலும் (1839–42) உள்ளது இன்னொன்று: ஒரு நகரத்து ஆண்களுக்குக் குறிப்பிட்ட காலத்தில் சிறகு முளைக்கிறது, அவர்களில் ஒருவன் முதுகில் ஏறி சிந்துபாத் வானத்துக்குப் போகிறான்.

புத்தகம் வாங்குமுன் கடைசிப் பயணத்தை மட்டும் புரட்டுங்கள். யானையா, சிறகா என்று பார்த்தால் எந்த மரபிலிருந்து வந்த பதிப்பு என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செரந்தீப் என்பது நம் பக்கத்து இலங்கை. ஆறாம் பயணத்தில், குகைக்குள் ஓடும் ஆற்றில் தெப்பம் விட்டு அவன் வெளியேறுவது அங்கேதான். ஆதம் இறங்கியதாகச் சொல்லப்படும் மலையைப் போய்ப் பார்க்கிறான். தமிழர்கள் சிவனொளிபாதமலை என்று ஏறுவதும் அதே மலைதான். அதன் உயரம் 2,243 மீட்டர்.

கேள்வி: 1958 சிந்துபாத் படத்தில் எலும்புக்கூட்டுடன் வாள் சண்டையை எப்படி எடுத்தார்கள்? பிளஸ் ஒன் படிக்கும் நாங்கள் போனிலேயே பத்து விநாடிக்கு அப்படி எடுக்க முடியுமா?
– மாணவர்கள், கோயம்புத்தூர்

பதில்: முடியும். இரண்டு வார இறுதிகளை ஒதுக்குங்கள்.

முதலில் அவர்கள் செய்தது. ரே ஹாரிஹவுசன் என்ற ஒற்றை மனிதரின் கைவேலை அது. நடிகர் கெர்வின் மாத்யூஸுக்கு இத்தாலிய வாள்வீச்சு ஆசான் என்ஸோ முசுமெச்சி கிரேகோ சண்டையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு நடிகர் எதிரே யாரும் இல்லாமல் வெறும் காற்றோடு சண்டை போட்டு நடித்தார். அந்தப் படச்சுருளைச் சின்னத் திரையில் பின்னாலிருந்து ஒவ்வொரு கட்டமாக ஓட்டி, திரைக்கு முன்னால் மேசையில் எலும்புக்கூட்டுப் பொம்மையை நிறுத்தி, ஒரு கட்டத்துக்கு ஒரு அசைவு வீதம் நகர்த்திப் படமெடுத்தார்கள். விநாடிக்கு 24 கட்டங்கள். பொம்மையின் கால் தரையில் படும் இடத்துக்குக் கீழே உள்ள முன்பகுதியைக் கேமராவுக்கு முன் கண்ணாடியில் கறுப்பு பூசி மறைப்பார்கள். பிலிமைத் திருப்பிச் சுற்றி, இம்முறை மேல்பகுதியை மறைத்து, விட்டுப்போன முன்பகுதியைத் தனியாகப் பதிவார்கள். பொம்மை நிஜத் தரைக்கு நடுவில் நிற்பதுபோலத் தெரியும். இதற்கு ‘டைனமேஷன்’ என்று பெயர் வைத்தார்கள். பிரிட்டனில் தணிக்கைக் குழு குழந்தைகளுக்கு ஆகாது என்று இந்தச் சண்டையையே வெட்டியது என்றால் எவ்வளவு நம்பும்படி இருந்தது என்று பாருங்கள்.

இனி உங்கள் வேலை. பொம்மை 20 செ.மீ. உயரம் போதும். 2 மி.மீ. அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி உடல், கை, கால் செய்யுங்கள். மூட்டுகளை மட்டும் கம்பியாக விட்டுவிட்டு, நடுவே எலும்பு வரும் இடங்களில் எம்-சீல் ஒட்டுங்கள். அப்போதுதான் கை மூட்டில் மடியும், நடுவில் வளையாது. அதன் மேல் ஃபெவிகால் தோய்த்த டிஷ்யூ பேப்பர் சுற்றி வெள்ளை அடிக்கலாம். இரும்புக் கம்பி வேண்டாம், வளைத்தால் துள்ளிப் பழைய இடத்துக்கு வரும். அலுமினியமும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும் என்பதால், வாள் பிடிக்கும் கைக்கு இன்னொன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான முயற்சிகள் கெடுவது காலில். பாதத்துக்குள் ஒரு சின்ன நட்டைப் புதைத்து, மேடையாக வைக்கும் பிளைவுட்டில் துளையிட்டு, அடியிலிருந்து போல்ட் முடுக்குங்கள். வெறுமனே நிற்க வைத்தால் நாற்பதாவது படத்தில் விழும். விழுந்த பொம்மையை அதே இடத்தில் அதே சாய்வில் நிறுத்த யாராலும் முடியாது.

பின்திரைக்கு லேப்டாப் போதும். நண்பன் காற்றோடு சண்டை போடும் வீடியோவை எடுத்து, விநாடிக்கு 12 படங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பத்து விநாடிக்கு 120 படங்கள். பொம்மையைத் திரைக்கு 30, 40 செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். ஒட்டி நிறுத்தினால் திரையின் புள்ளிகள் அலை அலையாகக் கோலம் போடும். தள்ளி நிறுத்தினால் பின்னணி லேசாக மங்கி அது மறையும். விளக்கு பொம்மை மேல் பட வேண்டும், திரை மேல் படக் கூடாது. பட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகும்.

போனில் ஒளியையும் ஃபோகஸையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள். தானாக விட்டால் ஒவ்வொரு படமும் ஒரு வெளிச்சத்தில் வந்து, ஓட்டும்போது டியூப்லைட் சிமிட்டுவது போலிருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே ஷட்டர் 1/50 அல்லது அதைவிட மெதுவாக இருக்கட்டும். ஜன்னலை மூடுங்கள், வெயில் நகரும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நில்லுங்கள், வெள்ளைச் சட்டை ஒளியைத் திருப்பி அடிக்கும். போனைத் தொட்டு எடுக்காதீர்கள், இயர்போனின் வால்யூம் பட்டனே ஷட்டராக வேலை செய்யும்.

வெட்டு எப்படி வர வேண்டும்? ஓங்குவதற்கு நான்கு படங்கள், இறங்குவதற்கு இரண்டே படங்கள், வாளும் வாளும் மோதியதும் மூன்று படங்கள் அசையாமல். சமமாக நகர்த்தினால் எலும்புக்கூடு தண்ணீருக்குள் சண்டை போடுவது போலிருக்கும். அந்தப் படத்தில் சண்டைக்குச் சைலஃபோனை ஒலிக்கவிட்டார் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன். எலும்பு எலும்போடு உரசும் சத்தம் அதில்தான் இருந்தது. நீங்கள் இரண்டு மரக்கரண்டிகளால் சமாளிக்கலாம்.

கேள்வி: ‘கோல்டன் வாயேஜ் ஆஃப் சின்பாத்’ படத்தில் காளி சிலையோடு சிந்துபாத் சண்டை போடுகிறான். அது லெமூரியா என்றும் சொல்கிறார்கள். நம் குமரிக்கண்டமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பெயர் அதேதான், சரக்கு வேறு. 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி உயிரினச் சான்றுகள் கிடைப்பதை விளக்க, நடுவில் ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்கலாம் என்று சொல்லி அதற்கு வைத்த பெயர் லெமூரியா. கண்டங்கள் நகர்வது புரிந்த பின் அறிவியல் அதைக் கைவிட்டது. அதற்குள் பிரம்மஞான சபைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், நாம் குமரிக்கண்டத்தோடு இணைத்தோம், 1973-ல் ஹாலிவுட் தன் பங்குக்கு சிந்துபாத்தை அங்கே அனுப்பியது. படத்து லெமூரியாவில் தமிழும் கிடையாது, சங்கமும் கிடையாது.

காளி சண்டை, கைவேலையாகப் பார்த்தால் அபாரம். ஆறு கைகள், ஆறு வாள்கள். நடிகர்களுக்கு ஒத்திகை கொடுக்க மூன்று வாள்வீச்சுக்காரர்களைச் சேர்த்துக் கட்டி ஆறு கை ஆக்கினார்கள். பிறகு அவர்களை நீக்கிவிட்டு வெறும் வெளியோடு நடித்துப் பதிந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு வாள்களும் எங்கே போகின்றன என்று ஹாரிஹவுசன் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கதையாகப் பார்த்தால் நெருடுகிறது. அரபு வணிகனுக்கு இந்தியா மிளகும் சந்தனமும் வாங்கும் இடம், மரியாதையாக மன்னரைப் பார்த்துப் பேசும் இடம். சிந்துபாத்தின் இரண்டாம் பயணத்தில் வரும் வைரப் பள்ளத்தாக்குக் கதையைக்கூட மார்கோ போலோ ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியோடு சேர்த்துத்தான் சொல்கிறார். படத்துக்கு இந்தியா, உயரத்திலிருந்து விழுந்து சுக்குநூறாகும் ஒரு சிலை.

கேள்வி: சிந்துபாத் சித்திரக்கதை வரைகிறேன். கப்பலை எப்படி வரைந்தால் சரியாக இருக்கும்?
– ஓவியர், புதுச்சேரி

பதில்: முதலில் நீக்க வேண்டியவற்றை நீக்குங்கள். கதை நடப்பது ஹாரூன் அல் ரஷீத் காலம், 786 முதல் 809 வரை. சுழற்றித் திருப்பும் மரச்சக்கரம் கப்பல்களுக்கு வந்தது 18-ம் நூற்றாண்டில். தொலைநோக்கி 1608-க்குப் பிறகு. பீரங்கி இல்லை, பீரங்கிக்கான சன்னல்களும் இல்லை. காந்த ஊசியும் அப்போது அரபு மாலுமிகளிடம் கிடையாது, நட்சத்திரம் பார்த்தே போனார்கள். மண்டை ஓட்டுக் கொடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சேர்க்க வேண்டியது கயிறு. அந்தக் கப்பல்கள் ஆணி அடித்தவை அல்ல, தைத்தவை. பலகையின் விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஓரமாகத் துளையிட்டு, இணைப்பின் மேல் நார்த்திரி வைத்து, தென்னங்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தைப்பார்கள். துளைகளை நாரால் அடைத்து, மீன் எண்ணெய் பூசுவார்கள். நீருக்குக் கீழே உள்ள பகுதிக்குச் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்த பூச்சு. மரத்தைத் துளைக்கும் புழு ஏறாது. அலை அடிக்கும்போது கயிறு கொஞ்சம் இளகிக் கொடுக்கும், பலகை பிளக்காது. ஆணி அடித்தால் காந்தமலை இழுத்துவிடும் என்ற கதை பிற்பாடு யாரோ சொன்ன சமாதானம். நம் சோழமண்டலக் கரையில் அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளேற்றிய மசூலாப் படகும் இதே தையல் குடும்பம்தான். புதுச்சேரிக் கடற்கரையின் பழைய ஓவியங்களில் அதைப் பார்க்கலாம், உங்களுக்குப் பக்கத்திலேயே மாதிரி இருக்கிறது.

நிஜக் கப்பலே வேண்டுமானால் இரண்டு சான்றுகள். 1980-ல் பிரிட்டிஷ் பயண எழுத்தாளர் டிம் செவரின் ஓமானின் சூர் நகரில் ‘சோஹார்’ என்ற தையல் கப்பலைக் கட்டினார். மரம் மலபாரிலிருந்து போன அயினி, கயிறு திரித்த தென்னைநார் சுமார் 640 கிலோமீட்டர் நீளம், தைக்கக் கை கொடுத்தவர்களில் லட்சத்தீவுக்காரர்களும் உண்டு. நவம்பரில் மஸ்கட்டிலிருந்து கிளம்பி 1981 ஜூலையில் சீனத்தின் காண்டன் போய்ச் சேர்ந்தது. இலங்கையைத் தாண்டிய பிறகு பாய்மரக் குறுக்குக்கட்டை முறிந்ததைத் தவிரப் பெரிய சேதமில்லை. இன்று மஸ்கட்டில் ஒரு சாலை ரவுண்டானாவில் நிற்கிறது. நாற்புறமும் படம் கிடைக்கும்.

இன்னொன்று, 1998-ல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கிடைத்த உடைந்த கப்பல். அதிலிருந்த ஒரு கிண்ணத்தில் 826-ம் ஆண்டுக்கு இணையான சீனத் தேதி பொறித்திருந்தது. தைத்த கப்பல், உள்ளே சுமார் 60,000 சீனப் பீங்கான்கள். சரக்கு சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிண்ணங்களைப் பெரிய ஜாடிக்குள் சுருளாக அடுக்கியிருந்த விதத்தை அப்படியே வரைந்தால் உங்கள் கப்பல் அறையைப் பார்த்தே காலம் தெரியும்.

கேள்வி: ரூக் பறவை உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: யானையைத் தூக்கும் பறவை இல்லை. ஆனால் மடகாஸ்கரில் யானைப்பறவை என்ற பறக்காத ராட்சதப் பறவை, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தது. அதன் முட்டை 30 செ.மீ. நீளம், எட்டு லிட்டருக்கு மேல் கொள்ளும். கரையில் கிடந்த அந்த ஓட்டைப் பார்த்த மாலுமி ஊருக்குப் போய் என்ன சொல்லியிருப்பான் என்று ஊகிக்கலாம். கதையில் முட்டையைச் சுற்றி வர ஐம்பது அடி எடுத்து வைக்க வேண்டும். 1958 படம் இதோடும் திருப்தியடையாமல் ரூக்குக்கு இரண்டாவது தலையைக் கொடுத்தது.

கேள்வி: 2003-ல் வந்த டிரீம்வொர்க்ஸ் கார்ட்டூனில் பாக்தாத்தே இல்லையே?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை. ஊர் சிராக்யூஸ், வில்லி எரிஸ், எல்லாமே கிரேக்கம். நண்பனுக்காகப் பணயமாக நிற்கும் நட்புக் கதையும் பழைய கிரேக்கக் கதைதான். பிராட் பிட் குரலில் பேசும் அந்தக் கொள்ளைக்காரனுக்கு வேறு பெயர் வைத்திருந்தால் ஒரு காட்சியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. பலத்த நஷ்டம், கையால் வரையும் முழுநீளப் படங்களை அந்த நிறுவனம் அதோடு நிறுத்திக்கொண்டது.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. நவ்கொரோத் நகரத்து நாயகன் சாத்கோவைப் பற்றிய சோவியத் படம் ஒன்றை, 1962-ல் அமெரிக்காவில் பெயரை மாற்றி, ஆங்கிலம் பேச வைத்து, சிந்துபாத் படமாக ஓட்டினார்கள். பனி பெய்யும் ரஷ்ய ஊரின் நாயகன் ஒரே இரவில் சிந்துபாத் ஆனான். வசனத்தை மாற்றி எழுதும் வேலையில் இருந்த இளைஞர், பின்னாளில் ‘காட்ஃபாதர்’ எடுத்த கொப்போலா.

கேள்வி: சிந்துபாத்தை வில்லனாக யாராவது காட்டியிருக்கிறார்களா?
– மாணவி, ஈரோடு

பதில்: 1936-லேயே. பாப்பாய் கார்ட்டூனில் சிந்துபாத்தாக வருவது பாப்பாயின் பரம எதிரி புளூட்டோதான். ரூக்கை வளர்த்து வைத்துக்கொண்டு அட்டகாசம் செய்கிறான். வழக்கம்போல் கீரை டப்பா திறந்ததும் கதை முடிகிறது.

கேள்வி: ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஷெஹராசாத்’ இசையில் கப்பல் உடைவது சிந்துபாத்தின் கப்பலா?
– வாசகர், சென்னை

பதில்: முதல் பகுதியின் பெயரில் சிந்துபாத்தின் கப்பல் இருக்கிறது. கடைசிப் பகுதியில் வெண்கலக் குதிரைவீரன் நிற்கும் பாறையில் மோதி உடையும் கப்பல் வேறு கதை, ஆயிரத்தொரு இரவுகளில் மூன்றாவது கலந்தர் (நாடோடித் துறவி) சொல்வது. 1888-ல் எழுதிய இசையமைப்பாளர் இரண்டையும் ஒரே கடலில் மிதக்கவிட்டுவிட்டார். கடற்படையில் வேலை பார்த்தவர் என்பதால் அலை மட்டும் அச்சு அசல்.

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவுக்கு அரை மணி நேர சிந்துபாத் நாடகம் போடுகிறோம். எதை வைக்கலாம், எதை விடலாம்?
– ஆசிரியை, பட்டுக்கோட்டை

பதில்: சுமைதூக்கியை விடாதீர்கள். சினிமாக்கள் பெரும்பாலும் வெட்டிப்போட்டது அவனைத்தான். பணக்கார சிந்துபாத்தின் வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, ‘இவனுக்கு மட்டும் ஏன் இந்த வாழ்வு’ என்று ஏழை ஒருவன் பாடுகிறான். அவன் பெயரும் சிந்துபாத். அது காதில் விழுந்து, உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டு, தினம் ஒரு பயணத்தைச் சொல்லி, போகும்போது நூறு பொற்காசு கொடுத்து அனுப்புகிறான் பணக்காரன். இதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது பூதக் கண்காட்சி. மேடைக்கும் வசதி: காட்சி மாற்றும் நேரத்தில் இரண்டு சிந்துபாத்களும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

முப்பது நிமிடத்துக்கு இரண்டு பயணங்கள்தான் தாங்கும். இரண்டாவதும் ஐந்தாவதும் எடுங்கள். ரூக்கை முழுதாகச் செய்ய முயன்று பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அட்டைச் சிறகு மேடை வாசலில் நுழையாது. ஒரே ஒரு கால் போதும். நான்கடி பி.வி.சி. குழாய், அதில் அட்டைப்பெட்டி நகங்கள், மேலே கயிறு. மற்றதை வெள்ளை வேட்டிக்குப் பின்னால் மூன்று மீட்டர் தள்ளி ஒரே ஒரு விளக்கு வைத்து நிழலாகக் காட்டுங்கள். இரண்டு விளக்கு வைத்தால் நிழல் இரட்டிக்கும். முட்டைக்குப் பெரிய குடையை விரித்துக் கவிழ்த்து வெள்ளைத் துணி போர்த்துங்கள்.

ஐந்தாம் பயணத்தில் கிழவன் சிந்துபாத்தின் தோளில் ஏறி இறங்க மறுப்பான். குழந்தை மேல் குழந்தையை ஏற்றாதீர்கள், ஒத்திகையிலேயே கழுத்து பிடித்துக்கொள்ளும். பழைய பேன்ட்டில் வைக்கோல் அடைத்துக் கால்களும், தலையணையில் உடலும் செய்து தோளில் கட்டுங்கள். எடை இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும். கிழவனின் குரலைத் திரைமறைவிலிருந்து வேறொரு பிள்ளை கொடுக்கட்டும். மூலத்தில் சுரைக்குடுக்கையில் திராட்சை ரசம் புளிக்க வைத்து, கிழவனை மயக்கித்தான் தப்பிக்கிறான். பள்ளியில் அதைத் தூக்க மருந்தாக மாற்றிக்கொள்வதில் தப்பில்லை.

பயமுறுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டோக்கியோ டிஸ்னிசீ பூங்காவில் 2001-ல் திறந்த சிந்துபாத் படகுச் சவாரி கொஞ்சம் முரடாகவே இருந்தது. 2007-ல் அதை மாற்றி, தாடியை எடுத்து, சந்து என்ற புலிக்குட்டியைத் துணைக்குக் கொடுத்து, அரக்கனை நண்பனாக்கி, பாட்டும் சேர்த்தார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது பிடித்தது. உங்கள் மேடையின் முன்வரிசையில் எல்.கே.ஜி. பிள்ளைகள் உட்காருவார்களானால் விளக்கை முழுதாக அணைக்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: சிந்துபாத்தை வைத்து நானே நாவல் எழுதி வெளியிட்டால் யாராவது வழக்குப் போடுவார்களா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சிந்துபாத், சுமைதூக்கி, ரூக், கடல்கிழவன், வைரப் பள்ளத்தாக்கு எல்லாம் பொதுச் சொத்து. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பிறர் சேர்த்தவைதான் வம்பு: சொகூராவும் பாரிசாவும் படத்தயாரிப்பாளருடையவை, மூசாவும் லைலாவும் பத்திரிகையுடையவை. மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை அது செல்லும். கல்லான் இறந்தது 1715, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பர்ட்டன் 1890, அவர்கள் வாக்கியங்களைத் தாராளமாக எடுத்தாளலாம். நேற்று வந்த தமிழ் மொழிபெயர்ப்பின் வாக்கியங்களைத் தூக்கினால் நோட்டீஸ் வரும்.

தலைப்பில் ‘எட்டாவது பயணம்’ என்று மட்டும் வைக்காதீர்கள். எட்கர் ஆலன் போ 1845-லேயே சிந்துபாத்தை இன்னொரு முறை கடலுக்கு அனுப்பிவிட்டார், 1947 படமும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டது. ஒன்பதிலிருந்து தொடங்குங்கள்.